பல்லும் எலும்பும்: ஒரு தோட்டத்து வரலாறு

வரலாறு என்றவுடன் முடிமன்னரும் கோட்டை கொத்தளங்களும் போர்க்களமுமே நம்மவர் மனக்கண்முன் தோன்றுவன. ஊவாவின் வரலாற்றைக் கூறுமாறு ஒருவரைக் கேட்பின், 1817, 1818ஆம் ஆண்டுகளில் ஆங்கிலேயருக்கு எதிராக எழுந்த கிளர்ச்சியையும், 1924ஆம் ஆண்டு பதுளையை வந்தடைந்த புகையிரதப் பாதையையும் கூறி அமைவார். தோட்டத் தொழிலாளர் வரலாற்றைக் கேட்பின், கண்டிச் சீமைக்கு நடந்து வந்த கதையும், கங்காணியும், துண்டு முறையும், லயக் காம்பராவும் வரும். இவை யாவும் கூறற்பாலனவே. ஆயின் நாம் ஈண்டுக் கூறப் புகுவது இவற்றுள் ஒன்றன்று. அது பல்லின் வரலாறு; இன்னுந் திருத்தமாகச் சொல்லின், பல்லைத் தாங்கி நிற்கும் தாடை எலும்பின் வரலாறு. இதுவும் ஒரு வரலாறோ என மூத்தோர் நகைத்தல் கூடும். பொறுமையுடன் சில பக்கங்கள் எம்மோடு வருமாறு வேண்டுகின்றோம்.

இவ்விடயம் எமக்குத் தெரியவந்தது தற்செயலாகவே. நாம் படிப்பது பல் வைத்தியம் அன்று. பேராதனையில் எம்மோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் நண்பர் ஒருவர் பல் வைத்திய மாணவர். ஒருநாள் இரவு அவர் தம் பாடநூலைத் திறந்து வைத்து, “இதோ, உங்கள் ஆட்களைப் பற்றி எழுதியிருக்கிறது” என்று காட்டினார். இலங்கைத் தேயிலைத் தொழிலாளர் என்ற சொற்றொடர் அங்கே இருந்தது. அதன் கீழ் ஓர் அட்டவணை இருந்தது. ஊரும் இல்லை, பேரும் இல்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் யப்பானிலும் பற்சுற்று நோயைக் கற்கும் மாணவர் அனைவரும் இத்தொழிலாளரைப் பற்றிப் படித்தே தேறுகின்றனர் என நண்பர் கூறினார். தோட்டத்திலே பிறந்து வளர்ந்த நாமோ அன்றுவரை அதனைக் கேள்விப்பட்டதும் இல்லை.

பல் ஆடி விழுதல் புதிய நோயன்று. சுசுருதர் தம் நூலிலே, முரசு எரிந்து, அழுத்தினால் இரத்தம் கசிந்து, பற்கள் ஆட்டங்கொள்ளும் நோயை உபகுசம் எனப் பெயரிட்டு விவரித்துள்ளார். பல்லின் மேல் மணல்போல் இறுகிப் படியும் அழுக்கினைத் தந்தசர்க்கரை என்றார். இன்று பற்காரை என்று நாம் கூறுவது அதனையே. நம் முன்னோர் ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் கொண்டு பல் துலக்கியதைப் பழமொழியே பறைசாற்றும். ஆயின் மதுரை, திருச்சி, சேலம் முதலிய சீமைகளிலிருந்து மலையேறி வந்தவர்களுக்கு வேப்ப மரம் உடன் வரவில்லை. உலர்ந்த பூமியிலே செழிக்கும் அம்மரம் குளிர் மலைகளில் வளர்வது அரிது. அதன் இடத்தை அடுப்புக் கரியும் சாம்பலும் பிடித்தன. பலருக்கு வெறும் விரலும் வாய்கொப்பளிப்புமே போதுமானவையாயின. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை என்பன மட்டும் குறைவின்றி உடன் வந்து சேர்ந்தன. குளிருக்கும் பசிக்கும் அலுப்புக்கும் அதுவே துணையாயிற்று.

தோட்டத்துச் சுகாதாரம் பற்றிச் சட்டம் இல்லாமலில்லை. 1912ஆம் ஆண்டின் வைத்தியத் தேவைகள் சட்டம் தோட்டத் துரைமாருக்குச் சில கடமைகளை விதித்தது. காய்ச்சலுக்கு மருந்தும் புண்ணுக்குக் கட்டும் டிஸ்பென்சரியிலே கிடைத்தன. பல்லோ எவர் கணக்கிலும் வரவில்லை. பல் நொந்தால் கிராம்பு, ஆடினால் நூல், அதற்கும் அசையாவிடின் பட்டணத்துக்குப் பஸ் ஏறிப் பிடுங்குவித்தல். பட்டணம் போனால் அன்றைய பேர் இல்லை. பேர் இல்லையேல் சம்பளமும் இல்லை. ஆகவே பல் தானாக விழும்வரை காத்திருத்தலே இலாபம் என்ற கணக்கு அக்காலத்தில் எழுந்தது. இக்கணக்கைப் போட்டவரை அறிவிலார் என்று கூற நாம் துணியோம்.

இனிக் கடல் கடந்து செல்வோம். நோர்வே நாட்டவராகிய ஹரால்ட் லோ (1926–2008) என்னும் பல் வைத்திய அறிஞர் டென்மார்க்கின் ஓகூஸ் நகரிலே பணியாற்றிய காலத்தில், 1965ஆம் ஆண்டு, தம் சகாக்களுடன் ஓர் எளிய சோதனையின் முடிவை வெளியிட்டார். முரசு நலமாயிருந்த 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் செய்தார். 10 முதல் 21 நாள்களுக்குள் அனைவருக்கும் முரசு சிவந்து வீங்கிற்று. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரு வாரத்திலே பழைய நிலைக்கு வந்தது. பல்லின் மேல் படியும் பற்றீரியாப் படலமே முரசு அழற்சிக்குக் காரணம் என்பது அன்றே ஐயமின்றி நாட்டப்பட்டது.

ஆயின் முரசு வீக்கம் வேறு, எலும்பு கரைதல் வேறு. முரசு வீங்கினால் வற்றும். எலும்பு கரைந்தால் தானாகத் திரும்புவதில்லை. தேயிலைச் செடியை வைத்து இதனை விளங்கிக்கொள்ளலாம். சரிவிலே நிற்கும் செடியின் அடிமண்ணை மழை ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் கழுவிச் செல்லும். மேலே இலை பசுமையாகவே இருக்கும். ஒருநாள் வேர் வெளியே தெரியும். பின்னர் செடி கையோடு வந்துவிடும். பல்லும் அவ்வாறே. பல் கெடாது, அதன் மண்ணாகிய எலும்பே போய்விடும். மேலும் வியப்பு யாதெனில், எலும்பைக் கரைப்பது நேரே பற்றீரியா அன்று. நம் உடலே அதனைக் கரைக்கின்றது. வறட்சிக் காலத்தில் ஊவாவின் புற்றரைகளில் தீ மூண்டால், அது தோட்டத்துக்குள் புகாதிருக்க முன்கூட்டியே பற்றைகளை வெட்டி வெளியாக்குவதை நாம் கண்டிருக்கின்றோம். உடலும் அழற்சி நெருங்குவதை உணர்ந்து எலும்பைப் பின்வாங்கச் செய்கின்றது. தீ அணையாதவரை வெட்டும் நிற்பதில்லை.

இக்கரைவு எந்த வயதில் தொடங்குகின்றது? ஆண்டுக்கு எவ்வளவு? எல்லோருக்கும் ஒரே அளவா? சிகிச்சை பெறும் மக்களிடையே இதனை அறிய முடியாது. சிகிச்சை கணக்கைக் கலைத்துவிடும். ஆகவே லோவும் அவருடைய சகாக்களாகிய ஓனெருட், போய்சென் ஆகியோரும் இரண்டு கூட்டத்தாரைத் தெரிந்தெடுத்தனர். 1969ஆம் ஆண்டு ஒஸ்லோ நகரில் 565 ஆண்கள், மாணவரும் கல்விமான்களும். 1970ஆம் ஆண்டு இலங்கையில் 480 ஆண்கள், தேயிலைத் தோட்டத் தொழிலாளரான தமிழர். ஒஸ்லோவிலே குழந்தைகள் ஆண்டுதோறும் பல் வைத்தியர் முன் நிறுத்தப்படும் ஒழுங்கு இருந்தது. தோட்டத்திலோ பற்பராமரிப்பு என்ற ஒன்று மருந்துக்கும் இல்லை. ஆய்வாளருக்கு வேண்டியிருந்ததும் அவ்வேறுபாடே.

அவர்கள் தெரிந்த தோட்டங்கள் டன்சினன், ஹெரோ என்பன. இரண்டும் பூண்டுலோயாப் பக்கத்தவை. எமது ஊவாவிலே உள்ளவை அல்ல. ஆயினும் பூண்டுலோயாவின் லயத்துக்கும் பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுலை லயங்களுக்கும் என்ன வேறுபாடு? அதே பிரட்டுக்களம், அதே பீலித் தண்ணீர், அதே வெற்றிலைப் பை. பெண் கொடுத்தலும் எடுத்தலும் மலைக்கு மலை நடப்பன. ஆகவே அவ்வட்டவணையில் உள்ள வாய்கள் நம் பாட்டன்மார் வாய்களே எனக் கொள்வதில் தவறில்லை.

1970ஆம் ஆண்டு அத்தொழிலாளர் 14 முதல் 31 வயதினர். 1971, 1973, 1977, 1982, 1985 ஆகிய ஆண்டுகளில் மீண்டும் மீண்டும் அவர்களுடைய வாய்கள் பார்க்கப்பட்டன. மெல்லிய அளவுகோலொன்றைப் பல்லுக்கும் முரசுக்கும் இடையே இறக்கி, பல்லைப் பற்றியிருக்கும் இழையம் எத்தனை மில்லிமீற்றர் கீழே போய்விட்டது எனக் குறித்தனர். தொடக்கம் முதல் இறுதிவரை அளந்தவர் இருவரே. கை மாறினால் அளவு மாறும் என்ற எச்சரிக்கை அது. ஒரு விஞ்ஞானிக்கு வேண்டிய பொறுமைக்கு இதனை உதாரணமாகக் காட்டலாம். 15 ஆண்டு ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருத்தல் எளிதன்று.

முடிவுகள் 1978 முதல் வெளிவரத் தொடங்கின. முதன்மையான கட்டுரை 1986இல் வந்தது. நாற்பது வயதை அண்மிக்கும்போது நோர்வேயர் இழந்திருந்த பற்றிழையம் சராசரி 1.5 மில்லிமீற்றர் அளவு. நம்மவர் இழந்திருந்தது 4.5 மில்லிமீற்றர் அளவு. இது எதிர்பார்க்கப்பட்டதே. எதிர்பாராதது பின்வருமாறு. தோட்டத்தார் அனைவர் வாயிலும் படலமும் காரையும் கறையும் நிறைந்திருந்தன; ஏறக்குறைய எல்லா முரசுகளும் அழற்சியுற்றிருந்தன. எனினும் எலும்பு எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கரையவில்லை. நூற்றுக்கு 8 பேர் அளவில் மிக விரைவாக இழந்தனர். 35 வயதில் சராசரி 9 மில்லிமீற்றர், 45 வயதில் 13 மில்லிமீற்றர். இவர்களுக்கு இருபது வயதளவிலேயே பல் விழத் தொடங்கி, 45 வயதில் ஒன்றும் எஞ்சவில்லை. நூற்றுக்கு 81 பேர் மெதுவாக இழந்தனர். 45 வயதில் 7 மில்லிமீற்றர் அளவும், ஏறக்குறைய 7 பற்களும். நூற்றுக்கு 11 பேருக்கோ நோய் முரசைத் தாண்டிச் செல்லவே இல்லை! அதே அழுக்கு, அதே வீக்கம். எலும்பு மட்டும் அசையவில்லை. மற்றொன்றும் குறிப்பிடத்தக்கது. சூத்தைப் பல் இவர்களிடையே இல்லையென்றே சொல்லலாம். ஆதலின் விழுந்த பல் எலும்புக் கரைவினாலேயே விழுந்தது என்று திடமாகக் கூற முடிந்தது.

நாம் பயின்ற மிஷன் பாடசாலையிலே கிழமைக்கு ஒருநாள் சுகாதார பாடம் நடக்கும். துலக்காதவன் பல் விழும், விழுந்தால் அவன் குற்றம் என்பதே அப்பாடத்தின் சாரம். லயத்துப் பிள்ளைகளாகிய நாம் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தோம். வீட்டிலே பொக்கைவாயுடன் இருந்த பெரியவர்களை எண்ணி உள்ளூர வெட்கமும் அடைந்தோம். இந்த 11 பேரைப் பற்றி அந்நாளில் எவரேனும் எமக்குச் சொல்லியிருப்பின் அவ்வெட்கம் குறைந்திருக்கும். அழுக்கு வேண்டியதொரு காரணமே. ஆயின் அது மட்டுமே போதிய காரணம் அன்று. உடலின் எதிர்ப்பும் பிறப்பின் இயல்பும் புகைத்தலும் அதனோடு சேர்கின்றன. இன்று உலகெங்கும் பற்சுற்று நோயை வைத்தியர்கள் வேகத்தை வைத்து வகுத்து, யாருக்கு விரைந்து கரையும் என முன்னறிய முயல்கின்றனர். அம்முயற்சிக்கு அடிப்படையிட்ட ஆய்வுகளுள் பூண்டுலோயா அளவைகளும் முன்வரிசையில் நிற்கின்றன. இதனைப் படித்து இளைஞர் எவரும் பல் துலக்குவதை விட்டுவிட வேண்டாம். தாம் அந்த 11 பேருள் ஒருவரா, அந்த 8 பேருள் ஒருவரா என்பதை முன்னதாக அறியும் வழி இன்னும் எவரிடமும் இல்லை.

இங்கே ஓர் எண்ணிக்கையை நின்று நோக்குதல் வேண்டும். 1970இல் 480 பேர். 1985இல் அவர்களுள் அகப்பட்டோர் 161 பேர். எஞ்சிய 319 பேர் எங்கே? ஒவ்வொருவர்க்கும் காரணம் எழுதப்படவில்லை. ஆயின் அப்பதினைந்து ஆண்டுகளும் எத்தகையன என்பதை இம்மலரைப் படிக்கும் மூத்தோருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை, இளையோருக்காகச் சொல்கின்றோம். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டவர்களை, 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் தலைக்கணக்காகப் பங்கிட்டது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. மீதி 150,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பிரித்தனர். தலைமன்னார்க் கப்பலுக்கு ஆளேற்றும் புகையிரதங்கள் ஓடிய காலம் அது. 1972, 1975ஆம் ஆண்டுகளில் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1973, 1974ஆம் ஆண்டுகளில் உணவுத் தட்டுப்பாடு. தோட்டங்களில் பட்டினிச் சாவு. 1977, 1981, 1983ஆம் ஆண்டுகளில் வன்செயல்; 1983 யூலையில் பதுளை நகரும் எரிந்தது. ஆய்வாளர் வந்த ஆண்டுகளை மேலே காண்க: 1973, 1977, 1982, 1985. இரு பட்டியல்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கையில் எமக்கு ஏற்பட்ட உணர்ச்சியை எழுத இயலவில்லை. நெடுங்கால ஆய்வுக்கு ஓரிடத்தில் நிலைத்து வாழும் மக்கள் வேண்டும். நம்மவரோ நிலைத்து வாழ விடப்படாதவர். பற்களின் வேர் வெளிப்படுவதை அளக்க வந்தவர்கள், அளக்கப்பட்டவர்களே வேரோடு பெயர்க்கப்படுவதைக் கண்டிருப்பர். அட்டவணையில் அதற்கு ஒரு நிரல் இல்லை.

மற்றொரு கேள்வியும் எழும். அளந்தவர்கள் சிகிச்சை செய்தார்களா? இவ்வாய்வின் தலைப்பே ‘இயற்கை வரலாறு’ என்பது. அதாவது நோய் தன் போக்கில் விடப்பட்டால் எவ்வாறு செல்லும் என்பது. தடுப்பும் சிகிச்சையும் எட்டாத மக்கள் என்பதே ஆய்வாளர் தம் கட்டுரையில் இத்தொழிலாளருக்குத் தரும் விளக்கம். சிகிச்சை இன்மையிலேயே ஆய்வின் பயன் தங்கியிருந்தது. இதனோடு ஒரு பழைய நிகழ்ச்சியை ஒப்பிடலாம். 1916ஆம் ஆண்டு அமெரிக்காவின் ரொக்பெல்லர் நிதியத்தார் கொழுக்கிப்புழு ஒழிப்புக்காக இந்நாட்டுத் தோட்டங்களுக்கு வந்தனர். அவர்களும் எண்ணினார்கள், எண்ணியதோடு மருந்தும் கொடுத்தார்கள், மலசலகூடம் கட்டுமாறும் வற்புறுத்தினார்கள். தொழிலாளி பலமாயிருந்தால் கொழுந்து கூடும் என்ற எண்ணம் தோட்டத்தாருக்கு இருந்திருக்கலாம். இருந்தும் புழு இறங்கிற்று. பல் விழுந்தாலோ கொழுந்து குறைவதில்லை.

அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை நீக்ரோத் தொழிலாளரின் மேகநோயை மருந்தின்றிப் பார்த்துக்கொண்டிருந்த கொடுமையோடு இதனைச் சேர்த்துப் பேசுவோர் இருக்கலாம். அது நியாயமன்று. அங்கே வஞ்சனை இருந்தது, இருந்த மருந்து மறைக்கப்பட்டது, உயிர்கள் போயின. பூண்டுலோயாவில் நோயை உண்டாக்கியவரும் அதனை மறைத்தவரும் ஆய்வாளர் அல்லர். அவர்கள் வராதிருந்தாலும் அந்தப் பற்கள் விழுந்தே இருக்கும்; விழுந்தது ஒருவருக்கும் தெரியாமலும் போயிருக்கும். எனினும் 15 ஆண்டில் ஆறு தடவை வாய் திறந்து காட்டியவனுக்கு, ஒருமுறையேனும் காரை சுரண்டி விட்டிருக்கலாகாதா என்று கேட்கும் உரிமை அவனுடைய பேரப்பிள்ளைகளுக்கு உண்டு என நாம் கருதுகின்றோம். மனிதர் மீதான வைத்திய ஆராய்ச்சிக்கு நெறி வகுத்த ஹெல்சிங்கிப் பிரகடனம் 1964ஆம் ஆண்டே வெளிவந்துவிட்டது. இலங்கையிலும் பல் வைத்தியம் இல்லாமலில்லை. 1943இல் கொழும்பில் தொடங்கிய பல் வைத்தியக் கல்வி 1954இல் பேராதனைக்கு வந்திருந்தது. பேராதனையிலிருந்து பூண்டுலோயா ஒருநாள் பிரயாணமும் அன்று. பிழை ஒருவரிடத்து மட்டும் இல்லை.

போன எலும்பை மீட்கும் வழி உண்டா? இதுவே இன்றைய விஞ்ஞானத்தின் பெருங்கேள்வி. கால் எலும்பு முறிந்தால் கூடிவிடுகின்றது. தாடை எலும்பு கரைந்தால் ஏன் வளர்வதில்லை? எலும்பு உயிருள்ள பொருள் என்பதையும், அதனை வளரத் தூண்டலாம் என்பதையும் பலர் படிப்படியாகக் காட்டினர். சுவீடனைச் சேர்ந்த பிரனேமார்க் 1952ஆம் ஆண்டளவில் முயலின் கால் எலும்பிலே தைத்தானியம் என்னும் உலோகத்தாலான சிறு கருவியை வைத்திருந்தார். சோதனை முடிந்து கழற்றப் பார்த்தபோது அது எலும்போடு எலும்பாக ஒட்டியிருந்தது. அதிலிருந்தே செயற்கைப் பல்வேர் பிறந்தது. 1965இல் யோஸ்டா லார்சன் என்பவர் தாடையில் முதன்முதல் வைக்கப்பட்ட அவ்வேர்கள் அவர் 2006இல் இறக்கும்வரை நிலைத்திருந்தன. அதே 1965இல் அமெரிக்கரான மார்ஷல் யூரிஸ்ட், சுண்ணாம்புச் சத்தை நீக்கிய எலும்புத் துண்டை விலங்கின் தசைக்குள் வைத்தார். எலும்பே இல்லாத அவ்விடத்தில் புதிய எலும்பு முளைத்தது. எலும்பினுள்ளே எலும்பை வளர்க்கும் புரதம் ஒன்று உறைகின்றது என்பது இதனால் வெளியாயிற்று.

பல்லின் விடயத்தில் தடை வேறொன்று. பழைய தேயிலையைப் பிடுங்கிய நிலத்தை வெறுமனே விட்டால் என்ன முளைக்கும்? தேயிலை அன்று, புல்லே முளைக்கும். புல் விரைவாக ஓடும். தேயிலை மெதுவாக வரும். முரசைத் திறந்து வேரைச் சுத்தஞ்செய்து மூடினாலும் அவ்வாறே. மேற்றோலின் கலங்கள் புல்லைப்போல் வேரோரமாக இறங்கி இடத்தைப் பிடித்துவிடும். எலும்பையும் வேரைப் பற்றும் நாரிழையையும் ஆக்கும் கலங்கள் வந்து சேரும்போது அவற்றுக்கு இடம் இராது. எந்தக் கலம் முந்துகின்றதோ அதுவே ஆறுதலின் தன்மையைத் தீர்மானிக்கும் என 1976இல் கனடாவின் மெல்ச்சர் எழுதினார். 1982இல் சுவீடனின் நீமன், லிண்டே முதலியோர், ஆய்வுகூடத்தில் வடிகட்டப் பயன்படும் மெல்லிய தாளொன்றை முரசுக்கும் வேருக்கும் இடையே வைத்துத் தைத்தனர். புல் வராமல் நிலத்தை மூடிவைத்ததுபோல் தோலின் கலங்கள் தடுக்கப்பட்டன. 3 மாதத்தின் பின்னர் அப்பல்லைச் சுற்றிய இழையத்தோடு எடுத்து நுணுக்குக்காட்டியில் நோக்கியபோது, வேரின் மேல் புதிய பற்சீமெந்தும் அதனுள் புகுந்த நார்களும் காணப்பட்டன. இழந்த பற்றினை மனித வாயில் மீட்கலாம் என்பதற்கு அது சான்றாயிற்று.

2004ஆம் ஆண்டு மற்றொரு படி. பிடுங்கி எறியப்படும் கடைவாய்ப் பல்லின் நாரிழையிலே மூலக்கலங்கள் உள என்பது வெளியிடப்பட்டது. எலிகளில் வைத்தபோது அவை பற்சீமெந்தும் நாரும் போன்ற இழையத்தை ஆக்கின. இதனைக் கண்டவர்கள் அமெரிக்கத் தேசியப் பல் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்தோர். 1983 முதல் 1994 வரை அந்நிலையத்தின் பணிப்பாளராயிருந்தவர் வேறெவருமல்லர், பூண்டுலோயாவில் வாய்களை அளப்பித்த ஹரால்ட் லோவே! அண்டை நாட்டிலும் இத்துறை தூங்கவில்லை. திருவனந்தபுரத்துச் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தார் எலும்பின் கனிப்பொருளை ஒத்த மணிகளை ஆக்கி எலும்புக் குழிகளை நிரப்பக் கொடுத்துள்ளனர்.

இவற்றைப் படித்து, பொக்கைவாய்கள் யாவும் நாளை நிறையும் என மயங்குதல் கூடாது. சுவர் உள்ள குழியிலேயே எலும்பு நன்கு வளரும். ஒரு பல்லின் பக்கத்தில் கிணறுபோல் ஆழமாகக் கரைந்திருந்தால் தாளும் மணியும் உதவும். வரம்பு முழுவதும் ஒரே சீராகத் தாழ்ந்துபோயிருந்தால், பிடித்து நிற்கச் சுவரின்றி, இன்றைய முறைகள் பெரும்பாலும் தோற்கின்றன. 13 மில்லிமீற்றர் இழந்தவனுக்கு அவற்றால் ஆவது சிறிதே. செலவோ தோட்டத்துச் சம்பளத்துக்கு எட்டாதது. பற்காரையைச் சுரண்டுவதற்கு வேண்டியதோ ஒரு சிறு கருவியும் பயின்ற கையும் அரை மணி நேரமும். எம் நண்பர் இதனைச் சொல்லிவிட்டு, எலும்பை வளர்ப்பதைப் பற்றிப் பத்து விரிவுரை கேட்டோம், தோட்டத்துக்குப் போவதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை என்று சிரித்தார்.

2010ஆம் ஆண்டு, முதற் பரிசோதனைக்கு 40 ஆண்டு கழித்து, அத்தொழிலாளரைத் தேடி மீண்டும் ஒரு குழுவினர் வந்தனர். 75 பேர் அகப்பட்டனர். முடிவு 2017இல் வெளியாயிற்று; எழுதியோர் வரிசையில் ஓனெருட்டின் பெயரும் உள்ளது. 40 ஆண்டில் ஒருவர் இழந்த பற்கள் சராசரி 13. முற்றாகப் பல்லிழந்தோர் 12 பேர். ஒரு பல்லையேனும் இழவாதோர் 4 பேர். புகைத்தலும் பற்காரையும் நோயின் தொடக்கத்தோடு தொடர்புற்றிருந்தன. 30 வயதில் சராசரி இழப்பு 1.81 மில்லிமீற்றருக்குள் இருந்தவர்களே 60 வயதில் 20 பற்களேனும் வைத்திருக்கக்கூடியவர்கள் எனவும் கணித்தனர். ஆகவே காரை சுரண்ட வேண்டிய வயது முப்பதுக்கு முன்னரே. நம் சங்கத்து இளைஞரின் வயது அது.

சென்ற விடுமுறைக்குப் பசறைப் பக்கம் வீட்டுக்குப் போயிருந்தபோது இவற்றையெல்லாம் எமது அப்பாயிக்கு வாசித்துக் காட்டினோம். வெற்றிலையைச் சிறு உரலில் இடித்துக்கொண்டே கேட்டிருந்தார். அவருக்கு ஐம்பது வயதுக்கு முன்பே பல் போய்விட்டது. ஒரு பல்லும் இழவாத நால்வரைப் பற்றிச் சொன்னதும் இடிப்பதை நிறுத்தி, “அந்த நாலு பேரு யாருடா தம்பி, எந்த லயத்து ஆளுக?” என்று கேட்டார். அது எழுதப்படவில்லை அப்பாயி, ஆராய்ச்சியில் பெயர் எழுதும் வழக்கம் இல்லை என்றோம். “பேரு போடாம என்னடா கணக்கு?” என்றார்.

அவருக்கு விடை சொல்ல எம்மால் இயலவில்லை. 1970ஆம் ஆண்டு 14 வயதினராயிருந்தவர் இன்று எழுபதை அடுத்திருப்பர். டன்சினன், ஹெரோ தோட்டங்களிலிருந்து திருமணத்தாலோ தொழிலாலோ ஊவாவுக்கு வந்து குடியேறியோரும், அவர்தம் பிள்ளைகளும், வெள்ளைக்காரர் வந்து வாய் பார்த்த அந்நாள்களை நினைவுகூர்வாராயின், எவ்விடத்தில் நிறுத்திப் பார்த்தார்கள், என்ன சொல்லி அழைத்தார்கள், பார்த்த பின்னர் என்ன கொடுத்தார்கள் என்பவற்றை ஒரு தபாலட்டையில் எழுதியேனும் சங்கத்து முகவரிக்கு அனுப்புமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கின்றோம். எழுதத் தெரியாதோர் சொல்லியனுப்பினால் நாமே நேரில் வந்து எழுதிக்கொள்வோம்.